ஆடாமல் வாங்கிய சம்பளம்

வேலையே கொடுக்காமல் ஒருவனுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் வேலையைப் பாருமய்யா" என்று விரட்டியிருப்பேன். எங்கள் சந்திலேயே, அதுவும் எதிர்ப்பட்டறை ஹமீது அண்ணன் மகனுக்கே அது நடந்தது.

ஹமீது அண்ணன் பம்பாய் தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பைகளுக்கு வேண்டிய ஜிப்பும் பக்கிளும் விற்கிற செல்லப்பாண்டி நான். இரண்டு பேருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அவர் பட்டறையில் பீஸ் கணக்குதான். தைத்தால் காசு, தைக்காத அன்றைக்கு வெறும் சாயா. சொந்தத் தம்பிக்குக்கூட அதில் சலுகை கிடையாது.

மகன் வாசிம் கால்பந்துக்காரன், இடது பக்கத் தடுப்பாட்டக்காரன். சயான் மைதானத்துப் புழுதியில் ஓடிப் பழகியவனை ஐரோலியில் இருந்த பெரிய கிளப் ஒன்று மூன்று வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. சம்பளத்தைக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. பரீஹா என்ற பெண்ணைக் கட்டினான், செம்பூரில் வீடு பார்த்தான். முதல் வருடம் அவன் ஆடுகிற நாளெல்லாம் சந்தே டி.வி. முன்னால் கிடந்தது.

இரண்டாம் வருடம் புதுக் கோச் வந்தார். அவருக்கு வாசிமை ஆகவில்லை. ஏனென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அணியில் பேரில்லை, பெஞ்சிலும் இடமில்லை. உடை மாற்றும் அறையில் அவனுடைய அலமாரியை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்றவர்கள் பயிற்சி முடித்துக் கிளம்பிய பிறகு இவன் தனியாக மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சம்பளம் மட்டும் மாதம் பிறந்தால் முழுசாக வந்து விழுந்தது. கொடுத்துவைத்தவன் என்றது சந்து. எனக்கும் வயிறு எரிந்தது.

ஹமீது அண்ணனுக்கோ தலை நிமிர முடியவில்லை. "செய்யாத வேலைக்குப் பகார் வாங்குதான். அந்தச் சோறு எனக்கு எப்படி எறங்கும்?" என்று மகன் கொடுத்த சம்பளப் பணத்தைத் தொட மறுத்துவிட்டார்.

"கான்ட்ராக்ட் இருக்கு வாப்பா. நான் ஆட மாட்டேன்னா சொன்னேன்? அவங்கதான் நிறுத்தி வச்சிருக்காங்க" என்பான் வாசிம். வேறு கிளப்புக்குப் போய் ஆடலாமே என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

எங்கள் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி ஒருவனை ஓரங்கட்டினால், அவன் வீட்டுப் பெரிய ஆள் பட்டறைக்குப் போய், "பையனை விட்டுருங்க, கணக்கை முடிச்சிருங்க" என்பார். கணக்கை முடிக்க அல்ல, சமாதானத்துக்குத்தான் அந்தப் பேச்சு. முதலாளி பதறிச் சாயா வரவழைத்து, "அதெல்லாம் எதுக்கு, நாளையிலிருந்து வரச் சொல்லுங்க" என்பார். அத்தோடு மனஸ்தாபம் தீர்ந்தது. ஹமீது அண்ணனே எத்தனையோ பேருக்கு அப்படிச் சாயா வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

அதே பேச்சை அவர் ஐரோலிக்குக் கொண்டுபோனார். துணைக்கு நான். "வேண்டாம் வாப்பா, அங்க இது எடுபடாது" என்று வாசிம் எவ்வளவோ சொன்னான். கேட்டால்தானே! பெரியவர்கள் பேசும்போது பையன் வாய் திறக்கக் கூடாது என்பதும் அந்த வழக்கத்தில் சேர்த்தி. அவனும் கூட வந்து, மேனேஜர் அறையில் பேசாமல் உட்கார்ந்தான்.

மேனேஜர் இளவயதுக்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். ஹமீது அண்ணன் தம்முடைய பம்பாய் இந்தியில் நிதானமாக, பையனை விட்டுவிடுங்கள், கணக்கை முடித்துவிடுங்கள் என்றார். சொல்லிவிட்டு, இனி ஆக வேண்டியது உங்கள் பாடு என்பது போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

மேனேஜர் எழுந்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஷுக்ரியா சாச்சா, ஷுக்ரியா. இதைத்தான் இத்தனை மாதமாக இவனிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறோம்" என்று இந்தியில் நன்றி சொல்லி, இழுப்பறையைத் திறந்தார். வாசிம் பேர் அடித்து, முத்திரையும் குத்திய விலகல் பத்திரம் தயாராக இருந்தது. மீதிச் சம்பளம் வேண்டாம் என்று அவன் கையெழுத்துப் போடுவதுதான் பாக்கி.

 தன்னிடம் வேலை செய்கிறவன் போகிறான் என்றதும் இப்படி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிற முதலாளியை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. ஹமீது அண்ணன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரச் சொல்லுங்க" என்ற வார்த்தை இப்போது வரும், இப்போது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை.

வாப்பா நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை மகன் தட்டக் கூடாதே. வாசிம் பேனாவை எடுத்துவிட்டான்.

"ஏல, கீழ வைல" என்றார் ஹமீது அண்ணன்.  சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். "கையெழுத்துப் போடாத. கான்ட்ராக்ட் முடியுத அன்னைக்கு வரைக்கும் இங்க வா. கடைசிப் பைசா வரைக்கும் வாங்கு."

மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

ஐரோலி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் தாணே வண்டிக்கு நின்றோம். ஹமீது அண்ணன் பேயறைந்தவர் போல இருந்தார். "உன்னைய ஒரு ஆளாவே மதிக்கலயேல அவன்" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார்.

பையனைத் தேற்ற வேண்டுமே என்று நான், "விடுடே, பகாருக்கு ஒரு கொறையும் வரலல்லா" என்றேன்.

வாசிம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "பகாருக்காகத்தான் இருக்கேன்னு நீங்களும் நெனச்சீங்களா மாமா? அவங்க போகச் சொன்னாலும், என்னைக்காவது என்னைக் கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். தெனமும் அவங்க கண்ணுல படணும்னுதான் ஓடுனேன். அவங்க அந்தப் பேப்பரை ரெடியா வச்சுக்கிட்டுல்லா நான் ஓடுதத பாத்துருக்காங்க."

 வாசிம் அழவில்லை. அத்தனை ஜனத்துக்கு நடுவில், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு ஹமீது அண்ணன்தான் அழுதார்.