கால் முன்னால் போன ஸ்ட்ரெச்சர்

எண்பதுகளின் பிற்பாதியில் தென்காசியில் ஓர் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸில் உதவியாளாக இருந்தேன். நர்சிங் படித்தவன் இல்லை. கூட நின்று பார்த்துக் கற்றதுதான். டிரைவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் அவர் பிடிப்பார், பின்பக்கம் நான்.

ஒரு சீசனில் குற்றாலத்தில் பாறை வழுக்கி விழுந்த சுரண்டைக்காரர் ஒருவரைத் தூக்கினோம். தலையில் அடி. நினைவில்லை, மூச்சு இருந்தது. அவசரத்தில் கால் முன்னால் இருக்கும்படி தூக்கிவிட்டோம். அவர் மனைவி ஓடிவந்து மறித்தார். "உசுரோட இருக்கவுகள அப்படிக் கொண்டு போவாதீய. திருப்புங்க அண்ணாச்சி."

நியாயம்தானே. எங்கள் பக்கம் காலை முன்னால் விட்டு எடுத்துப்போவது பிணத்தைத்தான். தலை முன்னால் வரும்படி திருப்பினோம். அந்த அம்மா கூட்டத்தில் பின்தங்கிவிட்டார். நாங்கள் முட்டி மோதி வண்டிக்கு வந்து இறக்கியபோது மூச்சு இல்லை. மறுநாள் அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வழியில ஒருக்காவாவது கண்ணத் தொறந்தாவளா?" யாரோ கூப்பிடுகிறார்கள் என்று சொல்லி நழுவிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அடுத்த வருஷம் டி.வி.யில் ஆம்புலன்ஸ்காரர்களைப் பற்றி வாராவாரம் ஒரு நாடகம் வந்தது. தெருவில் டீச்சர் வீட்டில்தான் டி.வி. சாரல் காற்றில் ஆன்டெனா திரும்பிக்கொண்டால் படம் முழுக்கப் புள்ளியாகிவிடும். அதற்குள்ளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். எங்கள் தொழிலைப் பற்றி யாரோ நாடகம் போடுகிறான், விடுவேனா?

விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நெற்றியில் இடப்பக்கம் போட்ட கட்டு வண்டியில் ஏறியதும் வலப்பக்கம் போனது. பாதி இறங்கிய குளுக்கோஸ் பாட்டில் ஆஸ்பத்திரி வாசலில் நிரம்பி நின்றது. குளத்தில் மூழ்கியவனின் சட்டை அடுத்த காட்சியில் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது. ஒருத்தன் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டாமல் கழுத்தில் தொங்கவிட்டபடியே நெஞ்சில் வைத்து, "துடிப்பு நல்லா இருக்கு" என்றான். எதை வைத்துக் கேட்டானோ! எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதினேன், சென்னைக்குக் கடிதம் போட.

"ஏலே, நாடகத்தப் பாக்க வந்தியா, பரீட்சைப் பேப்பர் திருத்த வந்தியா?" என்பார் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் அண்ணாச்சி.

மூன்றாவது வாரம், வீட்டிலிருந்து நோயாளியைக் கால் முன்னால் விட்டுத் தூக்கிவந்தார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் முகம் சுளித்தார்கள். "பட்டணத்துக்காரனுக்கு இதுகூடத் தெரியல பாரு," என்றார் டீச்சர். நோட்டில் இதைத்தான் பெரிய தப்பாகப் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்தேன்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். அப்போதுதான் உறுத்தியது. கட்டு மாறுகிறது, பாட்டில் மாறுகிறது, வண்டியின் நம்பர்கூட மாறுகிறது. இது மட்டும் ஏன் ஒருதடவைகூட மாறவில்லை? கவனக்குறைவு என்றால் ஒருநாளாவது மாற்றித் தூக்கியிருப்பார்களே? தூக்கம் பிடிக்காமல், மறுநாள் எங்கள் தலைமை நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டேன்.

"அது தப்பில்ல, அதுதான் சரி," என்றார் அவர். "சமதரையில காலு முன்னால போணும். அப்பத்தான் பின்னால பிடிக்கிறவன் குனிஞ்சா நோயாளி மொகம் தெரியும். வாந்தி எடுத்தா, மூச்சு முட்டினா ஒடனே ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கலாம். நீங்க எப்படித் தூக்குதீய?"

தலைமாட்டில் இருக்க வேண்டிய நான் அன்றைக்குக் குற்றாலத்தில் கால்மாட்டில் இருந்தேன். சுரண்டைக்காரரின் தலை அண்ணாச்சியின் முதுகை ஒட்டி, எனக்குத் தெரியாத பக்கம் இருந்தது. வழியில் மூச்சு முட்டியதா, முட்டவில்லையா, நான் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா? தெரியாது. சென்னைக்குக் கடிதம் போடவில்லை.

அந்த மாதமே சுரண்டை அம்மா ஏதோ சான்றிதழ் வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் நான் சொன்னதக் கேட்டுத் திருப்புனீயள்லா," என்றார். "அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல். கடைசிவரைக்கும் அவுகள உசுரோட இருக்கவுகளா நெனச்சுக் கொண்டு போனீய. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கண்ணத் தொறந்தாவளா?"

வழியெல்லாம் நான் பார்த்தது அவர் கணவரின் பாதங்களை. வலது பெருவிரல் நகத்தில் ஒட்டியிருந்த பாசிகூட இன்னும் கண்ணில் நிற்கிறது. பார்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்ல?

"தொறக்கலம்மா," என்றேன். "நான் அவுக மொகத்தையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்."