மாறிக் கிடந்த படம்

மேசையில் பழைய படங்களைப் பரப்பி, ஸ்கான் செய்து, கிளவுட்டில் ஆளுக்கொரு ஃபோல்டராகப் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணையின் சின்ன வயதுப் படத்தை எடுத்தபோது பூச்சி உருண்டை மணந்தது.

அது என் பையின் மணம். ஊரில் ஷெல் குண்டுகள் விழுந்த ஷெல்லடிக் காலத்தில் அம்மா எனக்கும் அண்ணைக்கும் ஆளுக்கொரு துணிப்பை தைத்துக் கதவடியில் கொழுவியிருந்தார். பிறப்புச் சான்றிதழும் ஒரு படமும் ஒரு சோடி உடுப்பும் பிஸ்கட்டும் பூச்சி உருண்டையும் உள்ளே இருக்கும். ஓட வேண்டி வந்தால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஒருநாள் என் பையைக் கிண்டியபோது அண்ணை பல்லைக் காட்டிச் சிரித்தபடி படத்தில் இருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"அம்மா, படத்தை மாறி வைச்சிட்டியள்!"

"மாறேல்லை. உன்ரை படம் அண்ணையிட்டை இருக்கு. வழியிலை ஆராவது துலைஞ்சால், தேடுற ஆளிட்டைத்தானே படம் இருக்கவேணும்?" என்று பையின் வாயை இறுக்கிக் கட்டினார் அம்மா.

கனடாவிலிருக்கும் அண்ணைக்கு அவருடைய ஃபோல்டரை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"என்ன பிள்ளை, என்ரை ஃபோல்டருக்குள்ளை உன்ரை படம் கிடக்கு? மாறிப் போட்டிட்டாய்."

"மாறேல்லை அண்ணை."

அண்ணை கலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் தேடி வரத்தானே வேணும். பொங்கலுக்குப் பிளேன் ரிக்கற் போடுறன்."