தலையைத் தூக்கினால் தெரியும் மலை

கண்ணில் மாட்டிக்கொண்டால் வேறு உலகம் தெரிகிற கருவி வந்திருக்கிறதல்லவா, அதன் விலையைக் குறைத்துவிட்டால் வீட்டுக்கு வீடு வாங்குவார்கள் என்கிறான் என் மகன். நானும் மாட்டிப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து விழுந்ததுதான் மிச்சம். ஆனால் இந்த வாதம் எனக்குப் புதிதல்ல. சிறுவயதில் செஞ்சியிலேயே கேட்டுவிட்டேன்.

போட்டோ ஸ்டுடியோவில் வேலை பார்த்த சித்தப்பா, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் நின்று, கேமராவைச் சற்றே நகர்த்தி ஒரே காட்சியை இரண்டு படமாக எடுத்தார். அட்டைப்பெட்டிக்குள் அவற்றை அருகருகே ஒட்டி, எதிரே இரண்டு லென்ஸ் பொருத்தினார். கண்ணை வைத்தால் மலை விளிம்பிலேயே நிற்பதுபோல் இருக்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டு எட்டணா என்றார். ஒருவரும் வரவில்லை. நாலணா ஆக்கினார்.

"தலைய தூக்கினா தெரியுற மலைக்கு இன்னாத்துக்குப்பா பொட்டி?" என்றார் டீக்கடைக்காரர்.

கடைசியில், ஒரு கை மல்லாட்டை தந்தால் போதும் என்று இறங்கினார். நிலக்கடலை அறுவடைக் காலம். ஊரே வந்தது, ஒரு தடவை. மறுமுறை எவரும் எட்டிப் பார்க்கவில்லை.

பெட்டி, செஞ்சிக்குப் பக்கத்துச் சிங்கவரத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அத்தைக்குப் போலியோவில் ஒரு கால் சூம்பியிருக்கும். டைப்ரைட்டிங் படிக்கச் செஞ்சிக்குப் போகிறேன் என்று அவள் கேட்கும்போதெல்லாம் நைனா, அதாவது அவள் அண்ணனான என் அப்பா, "இந்தக் கால வெச்சிக்கினு எப்டிம்மா பஸ் ஏறுவ? வூட்லயே இரு" என்பார். பாசமாகத்தான் சொல்வார்.

சித்தப்பா பெட்டியை அவளிடம் நீட்டினார். "பாரு. உனக்கு ஓசி."

அத்தை வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "நம்ம ஊரு எதுண்ணா?"

"அந்தக் கோயில் குன்னு தெரியுதில்ல, அது பக்கத்தாண்ட."

"நம்ம வூடு?"

"அதெல்லாம் தெரியாது. அவ்ளோ சின்னது."

"தெரியவே தெரியாதா?" என்று மறுபடி குனிந்தாள்.

மறுநாள் காலை நல்ல புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். நைனா வழக்கமானதைச் சொன்னார்.

"வுழுந்தா எழுந்துக்கறேண்ணா" என்றாள். அவள் மெல்ல நடந்து பஸ் ஏறிப் போனாள்.

பெட்டி பரணுக்குப் போனது. வியாபாரம் ஏன் படுத்தது என்று பெரியவர்கள் பேசும்போது நானும் ஒரு காரணம் சொன்னேன்: அவ்வளவு தூரம் ஏறி எடுத்த படத்தில் நம் வீடே தெரியவில்லை, அதுதான் பெட்டியில் குறை. நெடுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தை பஸ் ஏறியது அந்தக் குறையால்தான் என்று பிறகுதான் உறைத்தது.