டிவியில் தெரிந்த என் கை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பழக வந்த பெண்களுக்கு என்னைத்தான் மாஸ்டராகப் போட்டார்கள். டிப்ளமோ படித்தவர்கள் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்கள் என்றால் காரணம் இல்லாமலா? நான் செய்த கப்பில் டீ குடிக்காத ஆபீஸ் அப்போது இந்த ஊரில் கிடையாது.

ஒரு வருஷம் என் மாணவிகள் சூளைக்கு அனுப்பிய கப்புகள் பாதிக்கு மேல் காது விழுந்து வந்தன. காது என்றால் கைப்பிடி. மேற்பார்வையாளர் சின்ன வயதுக்காரர், தன்மையாகத்தான் சொன்னார்.

"அடுத்த சூளையும் இப்படியே வந்துச்சுன்னா படிச்ச ஆளா போடச் சொல்றாங்க மாஸ்டர். என் கையில எதுவும் இல்லீங்க."

"என் கையில இருக்குது, பாருங்க" என்றேன்.

வகுப்புக்குப் போய்ச் சத்தம் போட்டேன். "எத்தன தடவ ஒட்டிக் காட்டுனேன், பாத்தீங்களா இல்லியா?"

நல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் அம்மா ஒருத்தி, "நாங்க எங்க மாஸ்டர் பாத்தோம்? முன்னால நிக்கிறவங்க கொண்டையத்தான் பாத்தோம்" என்றாள்.

அந்த வாரமே மங்கலம்பேட்டையில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் தாலி கட்டுகிறார்கள், கீழே பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் அதை டிவியில் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாலி கட்டுவதைக் காட்டுகிற டிவி, காது ஒட்டுவதைக் காட்டாதா? அங்கிருந்து நேராகத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரரிடம் போனேன். அவர் தம்பி துபாயிலிருந்து ஹேண்டிகேம் கொண்டுவந்திருந்தார்.

"என்ன விசேஷம் மாஸ்டர்?"

"கப்புக்குக் காது வைக்கிற விசேஷம் பாய்."

சிரித்துக்கொண்டே கொடுத்தார். மண் தூசி ஏறாமல் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்டேன். சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரை அதே நிறத்து ஓட்டையில் சொருகினால் வகுப்பில் கொண்டுவந்து வைத்த டிவியில் படம் வந்துவிடும். வாழ்நாளெல்லாம் நிறம் பார்த்தவனுக்கு இது ஒரு வேலையா? காதின் முனையைக் கீறி, மண் கூழ் பூசி, கப்பில் வைத்து அழுத்தி ஒட்டுவதைப் படம் பிடித்துப் பெரிதாகப் போட்டேன். கடைசி வரிசைகூட என் நகத்து அழுக்கைப் பார்த்தது.

மறுநாள் அவர்கள் ஒட்டத் தொடங்கினார்கள். கூழ் பூசியதும் எல்லோரும் மணிக்கட்டை மூக்கில் வைத்துத் தள்ளினார்கள். கண்ணாடி போடாதவர்களும்தான்.

"என்னம்மா கூத்து இது?"

"நீங்க செஞ்சீங்களே மாஸ்டர். அதுவும் வேலதான்னு நெனச்சோம்."

நம்ம ஜில்லா மங்களூரிலிருந்து வரும் ஒருத்தி மட்டும், "எனக்கு ஏது கண்ணாடி? நான் தொட மாட்டேன்" என்று சட்டென்று ஒட்டிவிட்டாள்.

படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு தடவையும் கூழ் பூசிவிட்டு, நழுவிய கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் அழுத்துகிறேன். அந்த நேரத்தில் கூழின் ஈரம் மண்ணுக்குள் இறங்கி, கூழ் பசைபோல் பிடிப்பாகிவிடுகிறது. என் கை எனக்கே சொல்லாமல் வைத்திருந்த வித்தை. மெஷின் காட்டிக்கொடுத்துவிட்டது. என்னைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

"தொடுங்கம்மா, நல்லா தொடுங்க" என்றேன்.

சூளை திறந்த அன்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு கப்பாகக் காதைப் பிடித்துத் தூக்கினார். எல்லாம் நின்றன. ஒன்று மட்டும் காதில்லாமல் கிடந்தது. அடியில் திருப்பிப் பார்த்தால் மங்களூர்க்காரி கீறிய அடையாளம்.

"அடுத்த தடவ ரெண்டு வாட்டி தொட்டுக்கிறேன் மாஸ்டர்" என்றாள். சூளைக்கொட்டகையே சிரித்தது.

மேற்பார்வையாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வேற ஆளு வேணாம்னு எழுதிட்றேன். அந்தப் படத்த ஒரு சிடியில போட்டுக் குடுங்க. கடலூர்ல காட்டணும்."

"தரேன். மாஸ்டரு யாருன்னு மேல எழுதியிருக்கணும்."

எழுதினார்கள். பெரிய எழுத்தில்தான்.