காது கொடுக்கும் கடை

காது கேட்கவில்லை என்று எங்கள் கடைக்கு யாரும் தானாக வருவதில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன இன்னொருவர்தான் கையைப் பிடித்து இழுத்து வருவார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார், அல்லது அந்த ஒருவர் நீங்களாகவே இருப்பீர்கள். எப்படியானாலும் நாம் ஒரே ஜாதி. லஸ் பக்கம் ஒரு மாடியில், காது மெஷின் பொருத்துகிற கடையில் எனக்குப் பல வருஷமாக வேலை. அங்கே வெளிச்சத்தம் புகாத ஒரு சின்ன அறை உண்டு. வருகிறவரை அதற்குள் உட்கார வைத்து, ஓசை கேட்டால் பட்டனை அழுத்தச் சொல்வோம். கூட்டமில்லாத மத்தியானங்களில் நானே அதற்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பஸ் ஹாரன், கோயில் மணி, மழை எல்லாம் ஒரு கதவுக்கு அப்பால் போய்விடும். விழித்துக்கொண்டே கனவு காண்பது மாதிரி இருக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் இடது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. வலது காதிலும் கீச்சென்ற ஓசைகள் தேயத் தொடங்கியிருந்தன. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயம். மனைவி மெர்சிக்குத் தெரிந்தால் ஒன்றும் போகாது, ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.

பட்டன் அழுத்தாத மனிதர்

கோடம்பாக்கத்து ஆட்டோக்காரர் ஒருவரை அவர் மனைவி கூட்டி வந்தார். ஓசையைக் கூட்டிக்கொண்டே போகிறேன், பட்டன் அசையவே இல்லை. ஐயோ பாவம், சுத்தமாகக் கேட்காது போலிருக்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்தால், மனிதர் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. எழுப்பப் போன என்னை அவர் மனைவி கையமர்த்திவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இயேசு ஒரு செவிடனைக் குணமாக்கும் முன்னால் அவனைக் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துப் போனார் என்று மாதா கோயில் பூசையில் கேட்டிருக்கிறேன் (அப்போது என் காது நன்றாக இருந்தது). எதற்குத் தனியே என்று அன்றைக்குத்தான் கொஞ்சம் புரிந்தது. கண் விழித்த ஆட்டோக்காரர் சொன்னார்: "மெட்ராஸ்ல இம்மாம் அமைதியா ஒரு எடம் கீதா நைனா? நாளிக்கு என் வூட்டுக்காரியும் நானும் வந்து கொஞ்ச நேரம் குந்திகினு போறோம்."

மெதுவாக ஒரு வார்த்தை

தெப்பக்குளத்துப் பக்கமிருந்து ஒரு மாமியும் மாமாவும் வந்தார்கள். மாமாவுக்கு மெஷின் பொருத்திவிட்டு, அவருக்குப் பின்னால் நின்று எதையாவது பேசும்படி மாமியிடம் சொன்னேன். மாமி வாயைத் திறந்ததும் ஜன்னல் அதிர்ந்தது. மாமா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "மெதுவா, மாமி" என்றேன். மறுபடியும் அதே முழக்கம். வந்த சிரிப்பை நான் அடக்கப் பார்த்தபோது மாமியின் கண்ணில் நீர் நின்றது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, அப்போதும் உரக்கவே சொன்னார்: "ஆத்துல இவரண்ட கத்திண்டே இருந்தேனா, மெதுவா பேசறது எப்படின்னே மறந்துடுத்து."

பதில் வராத சலாம்

பாண்டி பஜார் பக்கம் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே கடையில் தையல் வேலை செய்கிறார்கள். அண்ணி சொன்னாரே என்று தம்பி அண்ணனைக் கூட்டி வந்தாரே தவிர, இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். சோதித்துப் பார்த்தால் பெரியவருக்கு இடது காதில் அநேகமாக ஒன்றுமே இல்லை. "இந்தப் பக்கமிருந்து பேசினா அவருக்குக் கேக்காது" என்றேன். தம்பியின் தையல் மெஷின் கடையில் அந்தப் பக்கம்தான் இருக்கிறதாம்.

தம்பி எழுந்து போய் அண்ணன் தோளில் கையை வைத்தார். என் கை தானாக என் இடது காதுக்குப் போனது. பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது, என் இடது பக்கமிருந்து யாரெல்லாம் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்களோ என்று எண்ணிப் பார்த்தேன். தம்பி சொன்னது இது: "நான் சலாம் சொன்னா பதிலே வராது. கோவமா இருக்காருன்னு நானும் சொல்றத நிறுத்திட்டேன். பாதி தப்பு காது மேல, பாதி என் மேல."

கூவிய மெஷின்

அடையாற்று அம்மா ஒருவருக்கு மெஷினைப் பொருத்தி, "கச்சிதமா இருக்கு" என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். காதில் சரியாக உட்காராத மெஷின் கீச்சென்று மெல்லிய குரலில் கூவும். இந்த வேலையில் முதலில் படிக்கிற பாடமே அதுதான். அது கூவிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. என்னோடு வேலை செய்யும் கவிதா ஓடி வந்து சரிசெய்தாள். அந்த அம்மா படியிறங்கிப் போனார். மாட்டிக்கொண்டோம் என்ற பயம் போய், அப்பாடா என்றிருந்தது எனக்கே ஆச்சரியம். அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கவிதா சொன்னாள்: "வாங்க சார், இன்னைக்குப் பட்டன் உங்க கையில."

வலது பக்கம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பூசை முடிந்து மெர்சியும் நானும் பெசன்ட் நகர் மணலில் நடந்தோம். அலைச்சத்தம் எனக்குப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை மெர்சியிடம் சொல்ல முடியாததுதான் வருத்தம். ஒருவருக்குள் ஒருவர் எட்டிப் பார்க்க ஒரு ஓட்டையாவது வேண்டும். நானோ இருந்த ஓட்டையையும் சிமென்ட் வைத்துப் பூசிக்கொண்டிருந்தேன்.

எப்படிச் சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தும், கடைசியில் "எனக்கு இடது காது சரியா கேக்கல" என்று மொட்டையாகச் சொல்லி முடித்தேன். மெர்சி நின்றாள். செருப்பிலிருந்த மணலைத் தட்டிவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டாள். "தெரியுமே. அதான் கோயில்ல உங்க வலது பக்கமா மாறி உக்காந்தேன். நீங்க அது ஃபேன் காத்துக்குன்னு நெனச்சுக்கிட்டீங்க. இப்பக்கூட நான் எந்தப் பக்கம் நடக்கிறேன்னு பாருங்க."

விஷயம் தெரிந்தபிறகும் முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை, மெஷின் மாட்டிய காதோடு வாசல் மேஜையில் உட்கார வைத்துக் கடைக்கு விளம்பரமாக்கிவிட்டார். மெர்சிதான் கோயிலில் இன்னும் என் வலது பக்கமே உட்காருகிறாள், கேட்டால் ஃபேன் காற்று என்கிறாள்.