கோணல் கழுத்துச் சேவல்

மடுல்சீமையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து முனியாண்டிச் சாமிக்கு நேர்ந்துவிட்டிருந்த சேவல், ஒரு நாள் காலையில் கழுத்தைத் திருகிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டு வாசலில் சுற்றிச் சுற்றி விழுந்தது.

"இது பிழைக்காது" என்றார் என் கணவர்.

சாமிக்குச் சொன்ன சொல்லாயிற்றே என்று நான் விடவில்லை. பழைய கொழுந்துக் கூடையில் சாக்கை விரித்து, அது சாயாதபடி இருபுறமும் துணி அடைத்து உட்காரவைத்தேன். விட்டமின் மாத்திரையைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். மெல்ல மெல்ல எழுந்து நடந்தது. கழுத்தும் நேரானது. மலையில் கொழுந்து பறித்துவிட்டு நான் திரும்பும் காலடிச் சத்தத்துக்கே ஓடி வரத் தொடங்கியது.

திருவிழா நெருங்கியதும் பூசாரி வந்தார். ஊனமுள்ளதைச் சாமிக்குப் பலி கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம்.

"சேவலுக்குக் கழுத்து கோணிக்கிச்சாமே. இப்ப எப்பிடிம்மா இருக்கு?"

"இன்னும் கோணல்தாங்க" என்றேன், கூசாமல்.

அந்த நேரம் பார்த்துச் சேவல் கூடைமேல் ஏறி, கழுத்தை நிமிர்த்திக் கூவியது.

பூசாரி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு மறுபடி சேவலைப் பார்த்தார்.

"ஆமாம்மா, கோணலாத்தான் தெரியுது."

அந்த வருஷம் பொங்கல் மட்டும் வைத்தேன். முனியாண்டிக்குக் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. விடியற்காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக, இன்றும் அந்தச் சேவல்தான் என்னை எழுப்புகிறது.