உப்பு எங்கே போனது

எங்கள் ஃபிளாட்டின் ஆறாம் மாடியில் இருக்கும் எஞ்சினியரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ நடுநிலையாக எழுதுகிறேன் என்று யாரும் பிறகு ஏமாறக் கூடாது. கெட்ட மனிதர் இல்லை. லிஃப்ட் நின்றால் மெக்கானிக் வருவதற்கு முன் அவரே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி கொடுத்து அனுப்பியவரும் அவர்தான். ஆனால் அவர் வாயைத் திறந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ஏனென்றால் உலகத்தில் அவருக்குத் தீர்வு தெரியாத விஷயமே கிடையாது.

நாங்கள் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில். ஃபிளாட்டில் அநேகமாக எல்லோரும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அதனால் எங்களுக்கென்று ஒரு பைத்தியக்காரத்தனமும் இருந்தது. குழாயில் வரும் நகரத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்குப் பிடிக்காது. குளோரின் மணக்கிறதாம், தேத்தண்ணீருக்கு ருசி வராதாம். கட்டடம் கட்டியவனும் இதை நன்றாகத் தெரிந்துகொண்டு பின்பக்கத்தில் ஒரு குழாய்க் கிணறு அடித்து, 'கிணற்றுத் தண்ணி இருக்கு' என்று சொல்லியே வீடுகளை விற்றான். கொழும்பிலேயே நல்ல தண்ணீர் குழாயில் வந்துகொண்டிருக்க, அதில் நாங்கள் கால் கழுவினோம். கடற்கரையில் துளை போட்டு எடுத்த தண்ணீரில் தேத்தண்ணீர் குடித்தோம். நானும்தான் குடித்தேன். முப்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான்.

இரண்டாம் மாடியில் என் குசினி ஜன்னலைத் திறந்தால் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டு வளவு தெரியும். வீட்டுக்காரர் வெளிநாட்டில். வளவின் கோடியில் இருந்த இரண்டு அறையில் ஒரு பெண் வாடகைக்கு இருந்தாள். மலையகத்துப் பெண். தேயிலைத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு வந்து, பிறகு கலியாணம் கட்டி, புருசனையும் இழந்து, கடைசியில் சொந்தமாக இடியப்பம் அவித்து விற்கத் தொடங்கியவள். அந்த வளவின் குழாய் இணைப்பை எப்போதோ வெட்டிவிட்டார்கள். திரும்ப எடுக்க வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டும். அவரோ வளவை ஃபிளாட் கட்டுபவர்களுக்கு விற்கக் காத்திருப்பவர், கையெழுத்துப் போடுவாரா? ஆகவே அவளுக்கு இருந்ததெல்லாம் மதிலோடு ஒட்டிய ஒரு கட்டுக் கிணறு. அதிகம் ஆழமில்லை. மேலாக ஊறும் மழைத் தண்ணீர், நல்ல தண்ணீர். விடிய நாலரைக்கு அவள் வாளியை இறக்கும் சத்தத்தில்தான் நான் எழும்புவேன். ஆறரைக்கு என் வாசலில் பதினைந்து இடியப்பமும் சொதியும் சம்பலும் இருக்கும். ஒழுங்கையில் பாதி வீடுகள் அவளுடைய இடியப்பத்தில்தான் நாளைத் தொடங்கின. அந்தக் கிணறு போனால் அவளுக்கு ஒன்றும் இல்லை. இது எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் மழை பிந்திய ஒரு காலத்தில் எங்கள் குழாய்க் கிணறு உவர்க்கத் தொடங்கியது. தேத்தண்ணீர் சாயம் பிடிக்காமல் கறுத்துக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் மெஷின் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்து, கிணற்றை உவராக்கி, தோட்டத்தைப் பாழாக்கிவிட்டு ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்ட சனம் நாங்கள். காரணம் தெரியாதவர் ஒருவரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. குறைத்து இறைத்தால் போதும். அல்லது வாயை மூடிக்கொண்டு குழாய்த் தண்ணீரைக் குடித்தால் போதும்.

எஞ்சினியர் இன்னும் ஆழமாகத் துளைத்துப் பெரிய மோட்டரைப் போட்டார். ஐந்தாறு மாதம் நன்றாக வந்தது. பிறகு முன்னையதைவிட மோசமாக உவர்த்தது. கமிட்டி கூடியது. அவர்தான் தலைவர், நான் செயலாளர்.

"இதை நிப்பாட்டுவம் தம்பி. இந்தக் கிணறு இவ்வளவுதான். இதுக்கு மேல தராது" என்றேன்.

"அக்கா, இவ்வளவுதான் எண்டு சொல்லுறது எப்பவும் பழைய ஆக்களின்ர பயம்" என்றார். "எண்ணெய் முடியப்போகுது, முடியப்போகுது எண்டு நான் பள்ளிக்கூடம் போன காலத்தில இருந்து சொல்லுறாங்கள். முடிஞ்சதே?"

"போன வருசம் ரெண்டு நாள் பெற்றோல் கியூவில கார் வச்சிருந்தது ஆர்?"

"அது டொலர் இல்லாத பிரச்சினை அக்கா, எண்ணெய் இல்லாத பிரச்சினை இல்லை. மனுசன் எங்கயாவது மதிலைக் கண்டு திரும்பி வந்திருக்கிறானே? ஏறிப் போவான், இல்லாட்டித் துளைச்சுப் போவான். கடல் தண்ணியையே குடிக்கிற நாடுகள் இருக்கு. எங்களுக்கு இந்தச் சின்ன உவர் ஒரு பெரிய விசயமே?"

அவர் சொன்னதில் பிழை என்று ஒன்றைத் தூக்கிக் காட்ட என்னால் முடியவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் இருக்கிறது. பாலைவனத்தில் ஊர் கட்டுகிறார்கள்தானே, உப்பை வடிக்கும் மெஷின் இருக்கிறதுதானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ஆர்.ஓ. மெஷின் வாங்குவது என்று தீர்மானம். கூட்டக் குறிப்பை எழுதி, கீழே செயலாளர் என்று கையெழுத்துப் போட்டது நான்.

ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வருடா வருடம் கேட்ட கேள்விதான். உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்துக் காட்டிவிட்டு, "தண்ணீர் வந்துவிட்டது, உப்பு எங்கே போனது?" என்று கேட்பேன். இல்லாமல் போய்விட்டது என்று சொல்லும் பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பேன். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் என்னை யாரும் எழுப்பி நிற்க வைக்கவில்லை.

மெஷின் வந்தது. பால் காய்ச்சி, சாமிப் படத்துக்குப் பூ வைத்துத்தான் சுவிட்சைப் போட்டார்கள். முதல் தேத்தண்ணீரை எஞ்சினியரே கொண்டுவந்து கொடுத்தார். நல்ல சாயம், நல்ல ருசி. "என்னக்கா?" என்று சிரித்தார். நன்றாயிருக்கிறது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலை இடியப்பம் உப்புக் கரித்தது. எனக்கு இரத்த அழுத்தம் இருக்கிறது, உப்புக் கூடினால் கோபம் வரும். ஜன்னலால் கூப்பிட்டேன்.

"என்ன பிள்ளை, மாவுக்கு உப்பை அள்ளிக் கொட்டினனீரோ?"

"மன்னிச்சுக்கங்க டீச்சர். நாளைக்குக் கொறச்சிர்றேன்."

அடுத்த வாரம் திரும்பவும் அப்படித்தான். இந்த முறை அவள் வாசலுக்கு வரும்வரை காத்திருந்து, நின்ற நிலையில் வைத்துப் பேசினேன். சாப்பாட்டு விஷயத்தில் கவனம் வேண்டாமா, வாடிக்கை போய்விடும் என்றெல்லாம் புத்தி சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"நான் இப்ப உப்பே போடுறதில்லீங்க டீச்சர். போன மாசத்துலருந்தே போடல."

எனக்கு உடனே புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்கும் நடிக்க முடியாது. சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுக் கீழே மோட்டர் அறைக்குப் போனேன். செயலாளர் என்பதால் திறப்பு என்னிடம் இருந்தது. மெஷினிலிருந்து இரண்டு குழாய்கள் போயின. ஒன்று மேலே தண்ணீர்த் தாங்கிக்கு. மற்றது தடித்த கறுப்புக் குழாய், கதவுக்குக் கீழால் போய், பின்மதில் ஓரத்தில் மழைத் தண்ணீர் இறங்குவதற்காக வெட்டிய குழிக்குள் முடிந்தது. மெஷின் எங்களுக்கு ஒரு வாளி நல்ல தண்ணீர் தந்தால், அந்த உப்பையெல்லாம் சேர்த்து இரண்டு மூன்று வாளி கரிப்பை அந்தக் குழிக்குள் துப்பிக்கொண்டிருந்தது. குழிக்கும் அவளுடைய கிணற்றுக்கும் நடுவில் இருந்தது ஒரு மதில்.

எஞ்சினியரைக் கூட்டிவந்து காட்டினேன். பாவம், அவருக்கும் முகம் வாடித்தான் போயிற்று. ஆனால் ஒரு நிமிடத்துக்கு மேல் அவரால் அப்படி இருக்க முடியாது.

"இதுக்கும் வழி இருக்கு அக்கா. பைப்பை நீட்டிக் கடலுக்கு விட்டால் சரி."

"நடுவில ரோட்டும் ரெயில் பாதையும் கிடக்கு."

"பெர்மிட் எடுக்கலாம். இல்லாட்டி இதையே திரும்ப வடிக்கிற புது மாடல் இருக்கு. விசாரிக்கிறன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ஓடட்டும் அக்கா. ஒரு வீட்டுக்காக முப்பத்தாறு வீட்டுத் தண்ணியை நிப்பாட்டேலாதுதானே."

கூட்டத்திலும் அதுவே முடிவு. நிறுத்தச் சொல்லி நான் மட்டும் கை தூக்கினேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு எங்கள் தாங்கியிலிருந்து நாளுக்கு இரண்டு வாளி கொடுப்போம் என்று ஒரு புண்ணியவதி சொன்னார். இடியப்பம் அவிக்க, பாத்திரம் கழுவ, துணி துவைக்க, குளிக்க இரண்டு வாளி. அடுத்த நாள் நான் மெஷினை நிறுத்தி, மோட்டர் அறையைப் பூட்டித் திறப்பை என் அலுமாரிக்குள் வைத்தேன். பின்னேரமே அது ஓடியது. எஞ்சினியரிடம் இரண்டாவது திறப்பு இருந்திருக்கிறது. நான் செயலாளர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டேன். என் தாங்கிக் குழாயை மூடிவிட்டு நகரத்துத் தண்ணீருக்கு மாறினேன். அதில் வைத்த தேத்தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை. இவ்வளவு காலமும் எதற்காக மூக்கைச் சுளித்தோம் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. அதற்கு எனக்கு வாய் வரவில்லை. கடல் ஏறிவிட்டது என்றோ, தன் தலையெழுத்து என்றோ அவள் நினைத்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமைகளில் அவள் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போய் வருவதை ஜன்னலால் பார்த்தேன். கிணற்றுக்குள் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தாள். ஆள் பிடித்துச் சேறு வாரிப் பார்த்தாள். இடியப்பம் பத்து வீட்டுக்குக் குறைந்தது, பிறகு நாலு வீட்டுக்கு, பிறகு நின்றது. விடிய வாளிச் சத்தம் கேட்காமல் நான் பிந்தி எழும்பத் தொடங்கினேன்.

ஒரு நாள் கதவைத் திறந்தபோது அவள் எங்கள் மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தாள். எஞ்சினியர் பிடித்துக் கொடுத்த வேலை. "பாத்தீங்களே அக்கா, எல்லாத்துக்கும் ஒரு வழி இருக்கு" என்று அவர் லிஃப்டில் வைத்துச் சொன்னார். நான் முதலாம் மாடியிலேயே இறங்கி மிச்சத்தை நடந்தேன். அந்த ஆளோடு ஒரே பெட்டிக்குள் நிற்க எனக்கு முடியவில்லை.

போன வருடக் கடைசியில் குழாய்க் கிணறு மெஷினுக்கே ஏலாத அளவுக்கு உவர்த்தது. வடிகட்டிகள் மாதத்துக்கு மாதம் அடைத்தன. ஒரு நாள் சத்தமே இல்லாமல் கிணற்றை மூடி, மெஷினுக்கு மேல் ஒரு தார்ப்பாயைப் போட்டார்கள். முப்பத்தாறு வீடும் குழாய்த் தண்ணீருக்கு மாறியது. ஒருவரும் சாகவில்லை, ஒருவரும் முறையிடவும் இல்லை. எஞ்சினியர் இப்போது மொட்டை மாடியில் காற்றிலிருந்து தண்ணீர் எடுப்பது பற்றிக் கதைக்கிறார்.

மழை இரண்டு முறை நன்றாகப் பெய்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டாள், பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள். சாயம் பிடிக்காமல் கறுத்துக் கிடந்தது. நான் கோப்பையைத் தொடாமல், மனப்பாடம் செய்துகொண்டு போனதையெல்லாம் சொன்னேன். மெஷின், கறுப்புக் குழாய், குழி, என் கையெழுத்து.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "தெரியும் டீச்சர்" என்றாள்.

"எப்பிடி?"

"அங்குட்டு மெஷின் ஓட ஆரம்பிச்ச ரெண்டாம் மாசமே, இந்தப் பக்கத்து மதில்ல வெள்ளையாப் பூத்திருந்துச்சு. விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்தேன்."

அப்படியென்றால் என் வாசலில் தலையைக் குனிந்து நின்று, நான் புத்தி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஏன் பிள்ளை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொன்னா நிப்பாட்டியிருப்பீங்களா?"

நான் முகத்தைத் திருப்பினேன். மதிலுக்கு மேலால் என் குசினி ஜன்னல் தெரிந்தது. இங்கிருந்து பார்க்க அது மிகவும் கிட்ட இருந்தது.

"குடிங்க டீச்சர், ஆறிரும்."

குடித்தேன். மழை இரண்டு முறை பெய்தும் கிணறு திரும்பவில்லை. எவ்வளவு சீனி போட்டிருந்தாலும் அந்தக் கரிப்பு நாக்கின் இரண்டு பக்கமும் ஏறியது. அவள் எதிரில் குந்தியிருந்து நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீனி போதுமா டீச்சர்?"

"போதும்."

கோப்பை வெறுமையானதும் கேத்தலை எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பையை நீட்டினேன்.